சதுரங்கப் பேரெண்ணின் காரணிகள்

தமிழாசிரியன் ஒருவனிடம் மலருக்குக் கட்டுரை கேட்டோர், இலக்கண ஆராய்ச்சியோ இலக்கிய நயமோ வரும் என்றே எதிர்பார்த்திருப்பர். யான் எண்ணைப் பற்றி எழுதத் துணிந்தமைக்குக் காரணம் ஒரு பழங்கடன். ஏறக்குறையப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் மாணவன் ஒருவன் என்னிடம் கேட்ட வினாவுக்கு யான் விடை கூறாது விட்டேன். அவன் இன்று நம் பழைய மாணவருள் ஒருவன். இம்மலர் அவன் கைக்கும் செல்லும். ஆதலின் விடையை இங்கேயே எழுதிவிடுகின்றேன். ஏனையோரும் உடன் வாசிக்கலாம். பள்ளிக்கூடத்துப் பெருக்கலும் வகுத்தலும் மறவாதவர் எவர்க்கும் இதில் விளங்காதது எதுவும் இல்லை.

கணிதவாசிரியர் விடுப்பில் நின்ற ஒரு வெள்ளிக்கிழமை, பத்தாந்தர மாணவரின் பாடவேளை ஒன்று என் பொறுப்பில் வந்தது. ஆசிரிய கலாசாலையிற் பயின்ற எண்கணிதம் சிறிது நினைவில் இருந்தமையாலும், கதை சொன்னால் வகுப்பு அமைதியாய் இருக்கும் என்ற நம்பிக்கையாலும், சதுரங்கக் கதையைத் தொடங்கினேன். அரசன் ஒருவனுக்குச் சதுரங்க விளையாட்டை ஆக்கிக் கொடுத்த அறிஞன், பரிசாகப் பொன்னும் மணியும் வேண்டாது, பலகையின் முதற் கட்டத்துக்கு ஒரு தானியமணி, இரண்டாவதற்கு இரண்டு, மூன்றாவதற்கு நான்கு என ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்னையதன் இருமடங்காக அறுபத்து நான்கு கட்டங்களுக்கும் தானியம் கேட்டான் என்பது கதை. கேரளத்து அம்பலப்புழைக் கோயிலின் பாற்பாயசத்துக்குக் காரணமாகச் சொல்லப்படும் கதையும் இதுவே. அங்கே அறிஞனாக வருபவர் கண்ணபிரான். அரபு நாட்டார் இதனை மிகப் பழங்காலத்திலேயே அறிந்திருந்தனர். கி. பி. 1000 ஆம் ஆண்டளவில் அல்பிரூனி என்னும் பேரறிஞர் இக்கூட்டுத்தொகையைப் பிழையின்றிக் கணித்து எழுதி வைத்துள்ளார்.

அத்தொகை 18446744073709551615. இருபது இலக்கங்கள். தமிழ் முறையில் வாசிப்பதாயின், ஓர் இலட்சத்து எண்பத்து நாலாயிரத்து நானூற்று அறுபத்தேழு கோடிகோடியே, நாற்பத்து நான்கு இலட்சத்து ஏழாயிரத்து முந்நூற்று எழுபது கோடியே, தொண்ணூற்றைந்து இலட்சத்து ஐம்பத்தோராயிரத்து அறுநூற்றுப் பதினைந்து. இதனை ஒரே மூச்சிற் சொல்லக்கூடியவன் எவன் என்று அன்று வகுப்பிற் போட்டியே நடந்தது. ஆயிரம் நெல்மணி ஏறக்குறைய 25 கிராம் நிறுக்கும் எனக் கொண்டால், அறிஞன் கேட்டது 46,000 கோடி தொன் நெல். உலகமெங்கும் ஓராண்டில் விளையும் நெல் அண்மைக்காலத்தில் ஏறக்குறைய 80 கோடி தொன். ஐந்நூறு ஆண்டுக்கு மேற்பட்ட விளைச்சலை அரசன் கடன்பட்டான் என்க.

பெரும்பாலும் கதை இவ்விடத்தில் முடிந்துவிடும். எண் பெரிது என்று வியப்பதோடு கேட்போரும் எழுந்து போவர். ஆனால் எண்ணின் பெருமை அதன் பருமனில் மட்டும் இல்லை. இந்த எண் எவ்வெவ்வெண்களாற் பிரிபடும் என்று பார்த்தாற்றான் அதன் உள்ளமைப்புத் தெரியும். ஐந்தில் முடிவதால் 5 ஆற் பிரிபடும் என்பதை முன்வரிசைச் சிறுவன் ஒருவன் உடனே சொல்லிவிட்டான். வேறெவற்றால்?

முதலில் ஒன்றைக் கவனிக்க. கட்டங்களில் உள்ளவற்றின் கூட்டுத்தொகை எப்பொழுதும் அடுத்த கட்டத்துக்கு உரியதிலும் ஒன்று குறைவு. 1, 2, 4 ஆகியவற்றின் தொகை 7. அடுத்த கட்டத்துக்கு உரியது 8. ஆகவே நமது எண், 2 ஐ அறுபத்து நான்கு முறை வைத்துப் பெருக்கி வருவதிலும் ஒன்று குறைந்தது, அதாவது 2⁶⁴ − 1. இரு வர்க்கங்களின் வித்தியாசம், அவற்றின் மூலங்களது வித்தியாசத்தையும் கூட்டுத்தொகையையும் பெருக்கி வருவது என்பது எட்டாந் தரத்துப் பாடம். 2⁶⁴ என்பது 2³² இன் வர்க்கம். 1 என்பது 1 இன் வர்க்கம். எனவே 2⁶⁴ − 1 என்பது 2³² − 1 ஐ 2³² + 1 ஆற் பெருக்கியது. இவற்றுள் முன்னையதும் அவ்வாறே பிரியும். அதன் முன்னையதும் அவ்வாறே. வெங்காயத்தை உரிப்பது போல உரித்துக்கொண்டே போனால் ஈற்றில் 2 − 1, அதாவது 1, எஞ்சும். உரித்தெடுத்த தோல்கள் ஆறு: 3, 5, 17, 257, 65537, 4294967297. இவ்வாறையும் பெருக்கினால் அறிஞனின் எண் வரும்.

இவை எங்கிருந்து வந்தன என்பதை இன்னும் எளிதாகக் காணலாம். 2 ஐ எழுதி வர்க்கிக்க 4. அதனை வர்க்கிக்க 16. பின்னர் 256, 65536, 4294967296. ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டுக. 3, 5, 17, 257, 65537, 4294967297. ஆறாம் முறை வர்க்கித்தாற் கிடைப்பதே 2⁶⁴. அறுபத்து நான்கு கட்டங்களையும் ஒவ்வொன்றாக எண்ணி இடர்ப்பட வேண்டியதில்லை. ஆறே பெருக்கலிற் கணக்கு முடியும்.

இனி, இவ்வாறும் முதன்மையெண்கள்தாமா, அன்றி இன்னும் பிரியுமா என்பது வினா. தமிழ்நாட்டார் பகா எண் என்று கூறுவதையே நாம் முதன்மையெண் என்கின்றோம். பகா எண் என்பது பொருளை நேரே காட்டும் நல்ல சொல். ஆயினும் நம் பாடநூல் வழக்கையே இங்கே தழுவுகின்றேன். 3, 5, 17 ஆகியவற்றில் ஐயம் இல்லை. 257 ஐ 16 வரை பார்த்தாற் போதும். 65537 ஐ 256 வரையுள்ள 54 முதன்மையெண்களாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். அவ்வேலையை மாணவருக்குப் பகிர்ந்து கொடுத்தேன். சிறிது நேரத்தில் எல்லோரும் மீதியோடு வந்தனர். 65537 பிரிபடவில்லை. எஞ்சியது 4294967297 ஒன்றே. இதற்கு 65536 வரை பார்க்க வேண்டும். அவ்வெல்லைக்குள் உள்ள முதன்மையெண்கள் 6542. மணி அடிக்கச் சில நிமிடங்களே இருந்தன.

அப்பொழுதுதான் யான் பிழை செய்தேன். "முதல் ஐந்தும் முதன்மையெண்களாய் இருக்க, ஆறாவது மட்டும் வேறாகுமா? இதுவும் முதன்மையெண்ணே. எழுதிக்கொள்ளுங்கள்" என்று கூறிக் கரும்பலகையில் அதன் கீழ் இரட்டைக் கோடும் இட்டேன். தமிழ்ப் பாடத்தில் ஐந்து எடுத்துக்காட்டுக் காட்டி விதி கூறும் பழக்கம் எண்ணுக்குள்ளும் புகுந்துவிட்டது.

திங்கட்கிழமை காலை, ஆசிரியர் அறை வாசலில் அவ்வகுப்பு மாணவன் ஒருவன் கொப்பியோடு நின்றான். அதிகம் பேசாதவன். கட்டுரைப் பாடத்திற் சிறந்தவன் என்றும் சொல்வதற்கில்லை. "சேர், 641 ஆலை மிச்சமில்லாமல் பிரியுது" என்றான். கொப்பியை வாங்கிப் பார்த்தேன். 3 இலிருந்து தொடங்கி ஒவ்வொரு முதன்மையெண்ணாலும் அந்தப் பத்திலக்க எண்ணை நெடுவகுத்தல் முறையில் வகுத்திருந்தான். முதன்மையெண் வரிசையில் 641 என்பது நூற்றுப் பதினாறாவது. 2 ஐ நீக்கி நூற்றுப் பதினைந்து வகுத்தல்கள். நூற்றுப் பதினாலில் மீதி. ஈற்றில் மீதி இல்லை. ஈவு 6700417. அவன் முன்னிலையிலேயே யான் பெருக்கிப் பார்த்தேன். 6700417 × 641 = 4294967297. சரியாகவே இருந்தது.

அடுத்த பாடவேளையில் வகுப்பிற் சென்று யான் கூறியது பிழையென ஒப்புக்கொண்டேன். அது கடினமாய் இருக்கவில்லை. கடினமாய் இருந்தது, கொப்பியை மூடிக்கொண்டு அவன் கேட்ட மற்றைய வினா. "அப்ப 6700417, சேர்? அது இன்னும் பிரியுமோ?" ஒருமுறை அவசரப்பட்டுச் சொல்லி அகப்பட்ட யான், "பார்ப்போம் தம்பி" என்றேன். பார்க்கவில்லை. அவன் உயர்தர வகுப்புக்குச் சென்றான். பின்னர் கல்லூரியை விட்டும் சென்றான்.

யான் விழுந்த குழி புதிதன்று என்பதைச் சில ஆண்டுகள் கழித்தே அறிந்தேன். பிரான்சு நாட்டுத் துலூசு நகரில் நீதித்துறைப் பதவி வகித்துக்கொண்டு, ஓய்வு நேரத்தில் எண்களை ஆராய்ந்த பியர் த பேர்மா என்பவர், 1640 ஆம் ஆண்டில் இதே வரிசையை எடுத்துக்கொண்டார். 3, 5, 17, 257, 65537 என வருவனவெல்லாம் முதன்மையெண்கள், மேலே எவ்வளவு சென்றாலும் அவ்வாறே இருக்கும் எனத் தாம் நம்புவதாக நண்பருக்கு எழுதினார். நிறுவல் தம்மிடம் இல்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை. அவர் பெயராலேயே இவை இன்று பேர்மா எண்கள் எனப்படுகின்றன. பேர்மா ஐயப்பட்டதைக்கூட யான் ஐயப்படவில்லை என்பது வேறு செய்தி.

தொண்ணூறு ஆண்டுகள் கழிந்தன. 1729 ஆம் ஆண்டு திசம்பரில் கோல்ட்பாக்கு என்பவர், உருசிய நாட்டுச் சென் பீற்றர்சுபேக்கில் இருந்த இளைஞர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், பேர்மாவின் இக்கூற்றை அறிவீரா என வினவினார். அவ்விளைஞரே லெயோனாட்டு ஒயிலர். 1732 இல், இருபத்தைந்தாம் வயதில், ஒயிலர் விடை கொடுத்தார்: 4294967297 என்பது 641 ஆற் பிரிபடும். பேர்மாவின் நம்பிக்கை ஆறாம் எண்ணிலேயே பொய்த்தது.

ஒயிலர் நம் மாணவனைப் போல நூற்றுப் பதினைந்து வகுத்தல்கள் செய்ய வேண்டியதில்லை. அவர் பின்னாளில் நிறுவிக் காட்டிய ஒரு விதியின்படி, 4294967297 ஐப் பிரிக்கக்கூடிய முதன்மையெண் எதுவாயினும், 64 இன் மடங்கு ஒன்றோடு ஒன்றைக் கூட்டியதாகவே இருத்தல் வேண்டும். இவ்விதி ஏன் உண்மை என்பதை உயர்வகுப்பு மாணவர் பொருட்டுச் சற்று விரித்துக் கூறுவேன். இக்கட்டுரையின் உயிர்நிலை இதுவே.

2, 4, 8, 16, 32 என இரட்டித்துச் செல்லும் எண்களை 17 ஆல் வகுத்து மீதிகளை மட்டும் எழுதுக. 2, 4, 8, 16, 15, 13, 9, 1 என வரும். ஒன்பதாவதில் மீண்டும் 2, பின்னர் 4, 8 என்று பழைய வரிசையே சுழலும். எட்டு எண்ணிக்கைக்கு ஒருமுறை 1 வந்து விழுகின்றது. ஆதி தாளத்தில் எட்டாம் எண்ணிக்கையோடு ஆவர்த்தனம் முடிந்து மீண்டும் சமத்துக்கு வருவது போல் என்று கொள்க. எந்த ஒற்றை முதன்மையெண்ணால் வகுத்தாலும் இவ்வாறு ஒரு சுழற்சி உண்டு. சுழற்சியின் நீளம் மட்டும் எண்ணுக்கெண் வேறுபடும். இனிப் பேர்மாவே கண்ட தேற்றம் ஒன்று: வகுக்கும் முதன்மையெண்ணிலும் ஒன்று குறைந்த எண்ணிக்கையிற் சென்று பார்த்தால் மீதி கட்டாயம் 1 ஆகவே இருக்கும். 17 ஆல் வகுக்கும்போது பதினாறாவது மீதி 1. எட்டெட்டாக இரண்டு ஆவர்த்தனம். ஆகவே சுழற்சியின் நீளம் எப்பொழுதும், முதன்மையெண்ணிலும் ஒன்று குறைந்த எண்ணை மீதியின்றிப் பிரிக்கும்.

இப்பொழுது 2³² + 1 ஐப் பிரிக்கும் முதன்மையெண் ஒன்று உண்டென்று கொள்வோம். அதனை ப என்க. 2³² + 1 இற்கு மீதி இல்லையாதலால், 2³² இன் மீதி ப − 1. அதாவது ப நிறைவதற்கு ஒன்று குறைவு. அதனை வர்க்கித்தால் 2⁶⁴ இன் மீதி 1 ஆகும். ஆகவே அறுபத்து நான்காம் எண்ணிக்கையிற் சுழற்சி முடிகின்றது. அதற்கு முன்னரே முடிந்திருக்கக் கூடுமோ எனின், கூடாது. சுழற்சியின் நீளம் 64 ஐப் பிரிக்கும் எண்ணாதல் வேண்டும். அது 64 அன்று எனின் 32 ஐயும் பிரிக்கும். அங்ஙனமாயின் முப்பத்திரண்டாவதிலும் மீதி 1 ஆதல் வேண்டும். அங்கே இருப்பதோ ப − 1. ஆகவே நீளம் 64 தான். பேர்மாவின் தேற்றப்படி 64 என்பது ப − 1 ஐப் பிரிக்கும். விதி கிடைத்துவிட்டது.

விதிப்படி பார்க்க வேண்டிய எண்கள் 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641 என்பன. இவற்றுள் முதன்மையெண்கள் 193, 257, 449, 577, 641 ஆகிய ஐந்தே. ஐந்தாம் வகுத்தலிற் கணக்கு முடிகின்றது.

இங்கே என்னை நிறுத்திச் சிந்திக்க வைப்பது வேறொன்று. பேர்மா தம் தேற்றத்தை நண்பருக்கு எழுதியது 1640 ஆம் ஆண்டு ஒக்டோபரில். முதன்மையெண் வரிசை பற்றிய நம்பிக்கையை எழுதியதும் அதே ஆண்டில். பூட்டும் திறவுகோலும் ஒரே மேசையிற் கிடந்தன. ஐந்து வகுத்தல் செய்திருந்தால் அவரே கண்டிருப்பார். செய்து பார்த்தும் எங்கேனும் ஒரு வகுத்தலிற் பிழைத்தாரோ என ஆராய்வோரும் உளர். எவ்வாறாயினும் தொண்ணூற்றிரண்டு ஆண்டுகள் அந்தப் பூட்டை எவரும் திறக்கவில்லை.

641 பிரிக்கும் என்பதை வகுக்காமலே காட்டவும் ஒரு வழி உண்டு. 641 என்பது 5 ஐ 128 ஆற் பெருக்கி ஒன்று கூட்டியது. அதுவே 625 ஐயும் 16 ஐயும் கூட்டியதுமாகும். ஆகவே 16 இற்குப் பதிலாக 641 − 625 என எழுதலாம். 2³² என்பது 16 ஐ 2²⁸ ஆற் பெருக்கியது. இப்பொழுது அது 641 இன் மடங்கு ஒன்றிலிருந்து 625 × 2²⁸ ஐக் கழித்ததாகின்றது. 625 × 2²⁸ என்பது 5 × 128 இன் நான்காம் வலு, அதாவது 640 இன் நான்காம் வலு. 640 ஐ 641 ஆல் வகுத்தால் ஒன்று குறைவு. இரட்டைப்படை வலுவில் அக்குறைவு 1 என்னும் மீதியாக மாறும். எனவே 2³² என்பது 641 இன் ஒரு மடங்கிலும் ஒன்று குறைந்தது. ஒன்றைக் கூட்ட மடங்கு நிறைகின்றது. பத்திலக்க எண் ஒன்றையும் எழுதாமல், அஞ்சலட்டையின் பின்புறத்தில் முடியும் கணக்கு இது.

ஒயிலரின் விதியை 1878 இல் பிரான்சு நாட்டவரான எட்வார்ட் லூக்கா மேலும் செம்மையாக்கினார். 64 இன் மடங்கு மட்டுமன்று, 128 இன் மடங்கோடு ஒன்று கூட்டிய எண்களையே பார்த்தாற் போதும் என்று அவர் காட்டினார். அதன் நிறுவலை இங்கே விரிப்பிற் கட்டுரை நீளும். அவ்வாறு பார்க்கின் 641 இற்கு முன் நிற்கும் முதன்மையெண் 257 ஒன்றே. இந்த லூக்காவுக்கும் நமது பேரெண்ணுக்கும் வேறொரு தொடர்பும் உண்டு. 1883 இல் அவர் ஒரு விளையாட்டுப் பொருளை வெளியிட்டார். மூன்று தண்டுகள். ஒன்றில், கீழே பெரிதும் மேலே சிறிதுமாக வட்டுகள். ஒருமுறைக்கு ஒரு வட்டாக, சிறியதன்மேற் பெரியது அமராமல், எல்லாவற்றையும் வேறொரு தண்டுக்கு மாற்ற வேண்டும். காசியில் ஒரு கோயிலில் அறுபத்து நான்கு பொன்வட்டுகளை இவ்வாறு மாற்றி வருகின்றனர், மாற்றி முடியும்போது உலகமும் முடியும் எனக் கதையும் புனைந்து விடப்பட்டது. அறுபத்து நான்கு வட்டுக்கு வேண்டிய மாற்றங்கள் சரியாக 18446744073709551615. விநாடிக்கு ஒன்றாக மாற்றினாலும் ஏறக்குறைய 58,454 கோடி ஆண்டுகள் செல்லும். காசியில் அப்படி ஒரு கோயில் இல்லை. எண் மட்டும் மெய்.

257 ஐயும் பார்க்க வேண்டியதில்லை என்பதற்கு ஓர் அழகிய காரணம் உண்டு. 3, 5, 17, 257, 65537 ஆகிய ஐந்தையும் பெருக்கினால் வருவது 4294967295. ஆறாவது எண் அதனிலும் இரண்டு கூடியது. ஆகவே அவ்வைந்துள் எதனால் ஆறாவதை வகுத்தாலும் மீதி 2. எக்காலும் சரியாகப் பிரியாது. இது வரிசை முழுவதற்கும் பொருந்தும். பேர்மா எண் ஒவ்வொன்றும், தனக்கு முன்னுள்ளவை எல்லாவற்றினதும் பெருக்கத்திலும் இரண்டு கூடியது. எனவே ஒவ்வொன்றும் முன்பு வராத முதன்மையெண் ஒன்றையேனும் கொண்டுவரும். வரிசைக்கு முடிவில்லை. ஆகவே முதன்மையெண்களுக்கும் முடிவில்லை. 1730 இல் கோல்ட்பாக்கு ஒயிலருக்கு எழுதிய கடிதமொன்றில் இந்நிறுவல் காணப்படுகின்றது.

அந்த 4294967295 தானும் ஒரு சிறப்புடைய எண். நேர்விளிம்பும் கவராயமும் மட்டும் கொண்டு, ஒற்றை எண்ணிக்கையான பக்கங்களையுடைய ஒழுங்கான பல்கோணி எவ்வெவற்றை வரையலாம் என்பது கிரேக்கர் காலத்து வினா. 1796 இல் காவுசு என்னும் செருமானியர், பதினெட்டு வயதில், பதினேழு பக்கப் பல்கோணியை வரைய முடியும் எனக் கண்டார். வேறுவேறான பேர்மா முதன்மையெண்களின் பெருக்கமாக உள்ள பக்க எண்ணிக்கைகளே வரையத்தக்கவை. முதன்மையானவை இன்றும் இவ்வைந்தே தெரியும். ஆகவே வரையலாமென நாம் அறிந்த மிகப் பெரிய ஒற்றைப் பக்க எண்ணிக்கை 4294967295. அவ்வளவு பக்கமுடையதை வரைந்தால் வட்டத்துக்கும் அதற்கும் வேறுபாடு காணும் கண் எவர்க்கும் இல்லை.

நமது பேரெண்ணின் அயல்வீட்டிலும் ஒரு கதை உண்டு. இரண்டைக் கூட்டினால் வரும் 18446744073709551617 என்பது ஏழாவது பேர்மா எண். அதுவும் பிரிபடும் என்பதை 1880 இல் இலாந்திரி என்னும் பிரெஞ்சுக்காரர், எண்பத்திரண்டாம் வயதில், கண்டறிந்தார். அதன் சிறிய காரணி 274177, பெரியது 67280421310721. ஓய்வு பெற்ற நம் மூத்த பழைய மாணவர்கள் இவ்வயதைக் கவனிப்பாராக. இன்று கணினிகளின் துணையோடு, வரிசையின் ஆறாவது தொடங்கி முப்பத்து மூன்றாவது வரை ஒன்றேனும் முதன்மையன்று என அறிந்துவிட்டனர். எல்லாம் முதன்மை என்று தொடங்கிய வரிசையில், ஐந்துக்குப் பின் ஒன்றேனும் முதன்மையாகக் கண்டறியப்படவில்லை. இனி ஒன்று வருமா என்பதற்கு நிறுவல் எவரிடமும் இல்லை. 64 பிற்றுக் கொண்ட இடத்திற் கணினி குறியின்றி எழுதக்கூடிய மிகப் பெரிய முழுவெண்ணும் அறிஞன் கேட்ட அதே எண்தான். நெல்மணி இருந்த இடத்தில் இன்று மின்துடிப்பு இருக்கின்றது.

இனி என் கடன். தம்பி, நீ கேட்டது 6700417 இன்னும் பிரியுமா என்பது. பிரியுமாயின், அதன் காரணிகளுள் மிகச் சிறியது 2588 இற்கு மேற்படாது. ஏனெனில் 2589 இன் வர்க்கம் 6702921, நம் எண்ணிலும் பெரிது. 2588 வரையுள்ள முதன்மையெண்கள் முந்நூற்றுக்கு மேல். நீ பழைய முறையிற் சென்றிருந்தால் இன்னும் சில கிழமைகள் தூக்கம் கெட்டிருக்கும். ஆனால் 6700417 ஐப் பிரிப்பது 4294967297 ஐயும் பிரிக்குமாதலால், லூக்காவின் விதி அதற்கும் பொருந்தும். 128 இன் மடங்கோடு ஒன்று கூட்டிய எண்களில், 2588 இற்குள் முதன்மையானவை 257, 641, 769, 1153, 1409 மட்டுமே. 257 ஏற்கெனவே நீங்கிற்று. எஞ்சிய நான்கையும் நேற்றிரவு உன்னைப் போல நெடுவகுத்தலிற் செய்து பார்த்தேன். 641 ஆல் வகுக்க ஈவு 10453, மீதி 44. 769 ஆல் ஈவு 8713, மீதி 120. 1153 ஆல் ஈவு 5811, மீதி 334. 1409 ஆல் ஈவு 4755, மீதி 622.

ஆகவே 6700417 முதன்மையெண். அறிஞனின் பேரெண் 3, 5, 17, 257, 641, 65537, 6700417 என்னும் ஏழு முதன்மையெண்களாலாயது. ஒவ்வொன்றையும் எடுத்தும் விட்டும் பெருக்கினால், அதனை மீதியின்றிப் பிரிக்கும் எண்கள் மொத்தம் 128. கரும்பலகையில் அன்று யான் இட்ட இரட்டைக் கோட்டை 6700417 இன் கீழ் மாற்றி இட்டுக்கொள்க.